ஒன்பது விநாடி இரைச்சல்

என் வீட்டுக்காரர் பேசாத மனிதர். நான் வாய் ஓயாத மனுஷி. பதினான்கு வருஷம் எங்கள் குடித்தனம் இப்படித்தான் ஓடியது. நான் பேசுவேன், அவர் "ம்" போடுவார். அந்த "ம்"மிலேயே பத்து வகை உண்டு, பத்தையும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியும். நான் அவருக்கு வைத்த பெயர் உம்மணாமூஞ்சி. அவர் எனக்கு வைத்தது வாயாடி. எங்கள் ஒன்பது வயது மகளுக்கு இருவரும் சேர்ந்து வைத்தது வாலு.

எனக்குப் பேச்சுதான் பிழைப்பு. ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜை வேலை. "நாளைக்குப் பத்து மணிக்கு வரணும், பத்தரைக்கு வந்தா டாக்டர் பல்லுக்குப் பதிலா என்னைத்தான் பிடுங்குவாரு" என்று போனில் சொன்னால் அடுத்த நாள் ஒன்பதே முக்காலுக்கே வந்து நிற்பார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று என் அம்மா சொல்வாள். நான் அதை அப்படியே நம்பி வளர்ந்தவள்.

அவர் மென்பொருள் எழுதுகிறவர். சரக்குக் கிடங்குகளில் எந்தப் பெட்டி எந்த அலமாரியில் இருக்கிறது என்று காட்டும் நிரலைப் பதினொரு வருஷம் ஒரே கம்பெனியில் எழுதினார். ஒரு திங்கட்கிழமை காலையில் அரைமணி நேரக் கூட்டம் ஒன்றுக்குக் கூப்பிட்டு, அதில் இருந்த நாற்பது பேருக்கும் இனி வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இவர் மடிக்கணினியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, "டீ இருக்கா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னது சாயங்காலம். அதையும் நான் நாலு தடவை குடைந்த பிறகுதான் சொன்னார்.

எட்டு மாசம் வேலை கிடைக்கவில்லை. முதல் இரண்டு மாசம் நான் தங்கமாக நடந்துகொண்டேன். அப்புறம் என் தங்கம் தேய ஆரம்பித்தது. ஒரு நாள் மருத்துவமனையில் யாரோ ஒருத்தர் என்னிடம் கத்திவிட்டுப் போயிருந்தார். மத்தியானம் வீட்டுக்கு வந்தால் தொட்டி நிறையப் பாத்திரம், கொடியில் காயப்போடாத துணி. இவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வேளா வேளைக்குத் தட்டு முன்னாடி வந்து உக்கார மட்டும் தெரியுது. தண்டச்சோறு!"

சொல்லிவிட்டேன். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். கொட்டின அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். ஆனால் வாயாடிகளுக்கு ஒரு சாபம் உண்டு. ஆயிரம் பேச வரும், "தப்புப் பண்ணிட்டேன்" என்ற ஒன்று மட்டும் வராது. அவர் நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார், தட்டைக் கழுவினார், தொட்டியில் கிடந்த பாத்திரத்தையும் சேர்த்துக் கழுவினார். அடுத்த நாளிலிருந்து நாங்கள் சாப்பிட்ட பிறகு தன் தட்டை எடுத்துக்கொண்டு முன் அறையில் இருக்கும் தன்னுடைய வேலை மேஜைக்குப் போய்விடுவார். கோபமெல்லாம் இல்லை. கேட்டால், "ஒரு வேலை பாதியில நிக்குது" என்பார்.

அந்த வாரம்தான் முதல் பார்சல் வந்தது. பழைய நண்பர் ஒருவர் அனுப்பியிருந்தார். துளைத்துளையாக ஒரு வெள்ளைப் பலகை, வண்ண வண்ண ஒயர்கள், நகத்தளவு சிப் ஒன்று, ஒரு பை நிறைய மிளகுபோல் சின்னச் சின்ன விளக்குகள். அவர் முதன்முதலில் ஒரு விளக்கை நேராக பேட்டரியில் கொடுத்தார். பளிச்சென்று எரிந்தது, பட்டென்று போனது, கருகின வாசனை வந்தது. "கரண்டைக் குறைக்க நடுவுல ஒரு ரெசிஸ்டர் போட்டிருக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இருபது வருஷம் கணினியில் வேலை செய்த மனிதர், ஒரு விளக்கை எரித்துவிட்டு அப்படி முகம் மலர்ந்து உட்கார்ந்திருப்பதை நான் கதவோரமாக நின்று பார்த்தேன்.

"சாஃப்ட்வேர்ல தப்புப் பண்ணினா முந்தின நிலைக்குத் திரும்பிடலாம்" என்று ஒரு நாள் வாலுவுக்குச் சொல்லிக்கொடுத்தார். "இதுல புகை வெளிய வந்துடுச்சுன்னா, திரும்ப உள்ள போகாது."

"அப்பா, புகையைப் பிடிச்சு வெச்சா?"

"மூக்குலதான் போகும்."

வேலை கிடைத்த பிறகும் மேஜை அப்படியேதான் இருந்தது. இப்போது வீட்டிலிருந்தே வேலை. பகலில் கம்பெனிக்கு நிரல், சாயங்காலத்தில் ஈயம் உருக்கி ஒயர் ஒட்டுவது. தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கூவும் கருவி ஒன்று செய்தார். அது தொட்டி காலியாக இருக்கும்போது கூவியது. குளிர்பெட்டிக் கதவு திறந்திருந்தால் எச்சரிக்கும் கருவி ஒன்று செய்தார். வாலு அதை ஏமாற்றிவிட்டு உள்ளே கையை விடக் கற்றுக்கொண்டாள். நான் வாய்க்கு வந்தபடி கேலி செய்வேன். அவர் "ம்" என்பார். தட்டு மட்டும் அந்த வேலை மேஜைக்கேதான் போயிற்று. மூன்று வருஷம்.

அப்புறம் என் தொண்டை கட்டியது. சளி என்று நினைத்தேன். இரண்டு மாசமாகியும் விடவில்லை. போனில் பேசினால், "சார், மேடத்தைக் கூப்பிடுங்க" என்றார்கள். பரிசோதித்த டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. குரல்வளையில் கட்டி. குரல்வளையையே எடுத்தாக வேண்டும், அதுவும் பன்னிரண்டு நாளுக்குள். மூச்சு இனிமேல் கழுத்தில் போடும் துளை வழியாக.

"பேச்சு?" என்று கேட்டேன்.

"பின்னாடி பயிற்சி எடுத்தா ஏதோ ஒரு குரல் வரலாம். ஆனா அது உங்க குரலா இருக்காது" என்றார்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு பெட்டி செஞ்சு தரேன்" என்றார்.

"சவப்பெட்டியா?"

"பேசுற பெட்டி. பட்டனை அமுக்கினா உன் குரல்லயே பேசும்."

ஆபீஸுக்கு லீவு போட்டார். பன்னிரண்டு நாளும் அந்த மேஜையை விட்டு எழவில்லை. கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அளவில் ஒரு பெட்டி. பதினாறு பட்டன். பக்கத்தில் ஒரு திருகு, அதைத் திருப்பினால் அதே பட்டன்கள் வேறு வாக்கியம் பேசும். மூன்று திருப்பு, மொத்தம் நாற்பத்தெட்டு வாக்கியம். என்னென்ன வாக்கியம் என்பதைக் கணினியில் கட்டம் போட்டு எழுதினார். அவசரம், தேவை, வீடு, மருத்துவமனை என்று தலைப்பு வேறு. தண்ணீர் வேண்டும். வலிக்கிறது. கதவைப் பூட்டு. மூச்சு விடச் சிரமமாக இருக்கிறது.

"'எந்திரிடி வாலு, ஸ்கூல் வேன் வந்துடும்', இதைப் போடுங்க. 'உம்மணாமூஞ்சி'ன்னு ஒண்ணு போடுங்க. அது இல்லாம நான் எப்படிக் குடித்தனம் பண்றது?"

"முதல்ல அவசியமானது. அதெல்லாம் அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம்."

"என் தொண்டைக்கு அடுத்த வெர்ஷன் இருக்கா, ஐயா?"

அவர் கணினிப் பக்கம் திரும்பினார். நாற்பத்தேழு வாக்கியம் எழுதி, கடைசிப் பட்டனைக் காலியாக விட்டார். பிற்பாடு தேவைப்படும் என்று ஒரு இடத்தைக் காலியாக விடுவது அவர் தொழில் பழக்கம்.

பதிவு செய்யும் பலகையைச் சோதிக்க வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சொன்னார். படுக்கை அறையில் துணி அலமாரியைத் திறந்துவைத்து, அதன் முன்னால் என்னை உட்காரவைத்து, மைக்கை என் எதிரே நிறுத்தினார். துணி இருந்தால் எதிரொலி வராதாம். "டெஸ்ட்டுக்குத்தான். இந்தச் சிவப்பு லைட் எரியிற வரைக்கும் எதையாவது பேசிக்கிட்டே இரு. நடுவுல அறுந்துபோகாம மெமரி கார்டுல ஏறுதான்னு பாக்கணும். நான் இருந்தா நாற்காலி கிறீச்சிடும். நானும் வாலுவும் பேட்டரி வாங்கிட்டு வந்துடறோம்." கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் யாருமில்லை. நானும், சட்டைகளும், ஒரு சிவப்பு விளக்கும். முதலில் சும்மா ஏதாவது உளறலாம் என்றுதான் இருந்தேன். அப்புறம் திடீரென்று தோன்றியது. முகத்தைப் பார்த்து மூன்று வருஷமாகச் சொல்ல வராததை, முகம் இல்லாத இந்த இடத்தில் சொல்லிவிடலாமே. அவர் எப்படியும் கேட்கத்தானே போகிறார்.

சொன்னேன். அந்த வார்த்தையைச் சொன்ன நாளிலிருந்து ஆரம்பித்தேன். "எனக்கு அப்போ பயமா இருந்துச்சுங்க. அந்தப் பயத்தை உங்க தட்டுல கொட்டிட்டேன். சம்பாதிக்கிறவர்னு நான் உங்களைக் கட்டிக்கல. என்னைப் பேசவிட்டுக் கேட்டுக்கிட்டே இருந்தீங்களே, அதுக்காகக் கட்டிக்கிட்டேன். தப்பா சொன்ன வாய் இது. இது போறதுக்குள்ள இதாலயே மன்னிப்புக் கேட்டுடறேன். நாளைக்கே சாப்பாட்டு மேஜைக்கு வந்து எங்ககூட உக்காந்து சாப்பிடுங்க." இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவர் மூக்கைக் கேலி செய்தேன். ஈரத்துண்டைக் கட்டிலில் போடுவதைத் திட்டினேன். சாகப் பயமாக இருக்கிறது என்று சொன்னேன். வாலு பெரிய மனுஷியாகும்போது அவளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று சொன்னேன். பதினோரு நிமிஷம். என் ஆயுளில் நான் பேசியதிலேயே உருப்படியான பேச்சு அதுதான்.

அவர் வந்து பலகையை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. உம்மணாமூஞ்சிதானே, யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அடுத்த நாள் நாற்பத்தேழு வாக்கியத்தையும் ஒவ்வொன்றாகப் பதிந்தோம். "தெளிவா, நிறுத்தி, ஒரே சீராப் பேசு" என்றார். அப்படியே பேசினேன்.

அறுவைச் சிகிச்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் பெட்டி தகராறு பண்ணியது. தண்ணீருக்கான பட்டனை அமுக்கினால் வேறு ஏதோ வருகிறது, கதவுக்கு அமுக்கினால் தண்ணீர் வருகிறது. ஒலியை வாசிக்கும் அந்தச் சின்னப் பலகை, கோப்பின் பெயரைப் பார்க்காதாம். கார்டில் எது முதலில் ஏறியதோ அதுதான் அதற்கு ஒன்றாம் எண். நான் அடுத்த அறையில் மருத்துவமனைக்குத் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"பழசு ஏதோ முன்னாடி உக்காந்திருக்கு. கார்டை முழுசா துடைச்சிட்டு மறுபடி ஏத்திடறேன்" என்று அங்கிருந்து குரல் கொடுத்தார்.

"துடைங்க, துடைங்க. அப்படியே அந்த மேஜையையும் சேத்துத் துடைங்க!" என்றேன் நான்.

காலையில் தள்ளுவண்டியில் என்னைப் படுக்கவைத்து உள்ளே கொண்டுபோனார்கள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். பதினான்கு வருஷத்தில் அவர் அப்படி என் கையைப் பிடித்ததில்லை. கேட்டுவிட்டார், மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன். "வரேங்க" என்றேன். அதுதான் நான் வாயால் கடைசியாகச் சொன்னது. சத்தியமாகச் சொல்கிறேன், நிம்மதியாகத்தான் உள்ளே போனேன்.

மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தேன். கழுத்தில் துளை, நெஞ்சில் பெட்டி. பெட்டி அருமையாக வேலை செய்தது, அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வாலு அதை எடுத்து எல்லாப் பட்டனையும் அமுக்கிப் பார்த்தாள். தண்ணீர் வேண்டும். வலிக்கிறது. கதவைப் பூட்டு. அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "அம்மா, இது நீ இல்ல. லிஃப்ட்ல பேசுற ஆன்ட்டி" என்றாள். சிரித்தேன். சிரிப்புக்கும் சத்தம் வராது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சாப்பாட்டு நேரத்தில் நான் மூன்று தட்டு வைத்தேன். அவர் தன்னுடையதை எடுத்துக்கொண்டு வேலை மேஜைக்குப் போனார். அடுத்த நாளும் போனார். ஒரு வாரம் பொறுத்தேன். அப்புறம் நோட்டை எடுத்து, "அன்னைக்கு நான் பேசினதைக் கேட்டீங்களா?" என்று எழுதி அவர் முன்னால் நீட்டினேன்.

"எதை?"

"அலமாரி முன்னாடி. பதினோரு நிமிஷம்."

"ஓ, அதுவா? அது டெஸ்ட்டு ஃபைல்தானே. முதல் ரெண்டு விநாடி, கடைசிப் பத்து விநாடி கேட்டேன். நல்லா ஏறியிருந்துச்சு. ஏன், அதுல என்ன?"

கடைசிப் பத்து விநாடியில் நான், "லைட் இன்னும் எரியுது, எப்படி நிறுத்துறதுன்னு தெரியல" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பேனாவை நோட்டின் மேல் வைத்தபடி நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். மெதுவாக அவர் முகம் வெளிறியதைப் பார்த்தேன்.

"அதுல... ஏதாவது சொல்லியிருந்தியா?"

தலையாட்டினேன்.

"எனக்கா?"

தலையாட்டினேன்.

நாலு நாள் அவர் அந்தக் கார்டோடு மல்லுக்கட்டினார். அழிந்ததை மீட்கும் நிரல் எது எதுவோ ஓட்டினார். மேலோட்டமாக அழித்திருந்தால் மீட்டிருக்கலாமாம். ஆனால் அன்றைக்குப் பெட்டி மறுபடி தகராறு பண்ணக் கூடாது என்று, கார்டு முழுவதையும் ஓர் இடம் விடாமல் பூஜ்யத்தால் நிரப்பியிருந்தார். "நானேதான் ரொப்பினேன். நானேதான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "வேலையில ஒரு வரி எழுதினாக்கூட மூணு இடத்துல எடுத்து வெப்பேன். டெஸ்ட்டுக்குப் போட்டதை யாரும் வெச்சுக்க மாட்டாங்க. வேலையை ஒப்படைக்கிறப்போ முதல்ல அதைத்தான் தூக்குவோம். பழக்கதோஷம்." சொல்லிவிட்டு அழுதார். வேலை போன அன்றைக்குக்கூட அழாத மனிதர்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தால் ஆறியிருக்கும். திட்டவும் வழியில்லை. பெட்டியில் இருக்கும் நாற்பத்தேழில் ஒன்றுகூடத் திட்டில்லை. கதவைப் பூட்டு, கதவைப் பூட்டு, கதவைப் பூட்டு என்று அமுக்கிக்கொண்டே இருந்தேன். அவர் பாவம், எழுந்துபோய் நிஜமாகவே கதவைப் பூட்டிவிட்டு வந்தார்.

அப்புறம் நோட்டில் எழுதிக் கொடுத்தேன். அந்த வார்த்தை, பயம், மன்னிப்பு, சாப்பாட்டு மேஜைக்கு வாருங்கள், எல்லாமே. நாலு பக்கம். அவர் இரண்டு தடவை படித்தார்.

"அதை நான் மனசுல வெச்சுக்கல" என்றார். பிறகு நோட்டை மூடி வைத்தார். "மனசுல வெச்சுக்கல. ஆனா காதுல இருக்கு. உன் குரலை நினைச்சுப் பாக்கலாம்னு கண்ணை மூடினா முதல்ல அதுதான் வருது. நீ பதினாலு வருஷம் பேசினியே, எவ்வளவு பேசின... அதெல்லாம் வர்றதுக்கு முன்னாடி அது வந்து நிக்குது. நான் என்ன பண்ணட்டும், சொல்லு. எழுத்துல படிச்சா அதுக்கு மேல இது ஏற மாட்டேங்குது."

நான் கொட்டினது குரலில். இப்போது என் கையில் இருப்பது பேனா.

போன வாரம் அவர் தன் கணினியில் ஒரு கோப்பைக் கண்டுபிடித்தார். அதற்கு 'இரைச்சல்' என்று பெயர் வைத்திருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிவில் மின்சாரத்தின் "ங்ங்ங்" சத்தம் ஒட்டியிருந்ததாம். அதைத் திரையில் அலையாகப் பார்த்து ஆராய்வதற்காக ஆரம்பத்திலிருந்து ஒன்பது விநாடியை மட்டும் வெட்டி எடுத்துத் தனியாக வைத்திருக்கிறார். என் பேச்சுக்காக வைத்ததல்ல. சத்தத்துக்காக வைத்தது. என்னிடம் ஒன்றும் சொல்லாமல், பெட்டியின் காலியாக விட்ட கடைசிப் பட்டனில் அதை ஏற்றியிருக்கிறார்.

எனக்கு இது நேற்று சாயங்காலம்தான் தெரியும். அவர் பெட்டியைச் சார்ஜ் போடக் கேட்டு வாங்கிக்கொண்டார். நாங்கள் சாப்பிட்டாயிற்று, வாலு பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவர் வழக்கம்போலத் தட்டை எடுத்துக்கொண்டு முன் அறைக்குப் போனார். நான் தண்ணீர் கொடுக்கப் போனேன். அவர் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஒயர்களையும் ஈயச் சுருளையும் ஒதுக்கி, தட்டுக்கு எதிரே என் பெட்டியை நிறுத்தி வைத்திருந்தார். கடைசிப் பட்டனை அமுக்கினார்.

"ங்ங்ங்" என்ற இரைச்சலுக்கு நடுவே நான் பேசினேன். லிஃப்ட் ஆன்ட்டி இல்லை, நானேதான். "சத்தம் வருதா? யாரைக் கேக்குறேன், அவர்தான் இல்லையே. இருங்க, தொண்டையைச் செருமிக்கிறேன்... ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அதோடு முடிந்தது.

"சொல்லு" என்றார் அவர்.

காத்திருந்தார். ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார். மறுபடி அமுக்கினார். "ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன் நான் பெட்டிக்குள்ளிருந்து.

"சொல்லு" என்றார்.

நான் கையில் தண்ணீரோடு கதவருகில் நின்றேன். சொல்வதற்கு வாயையும் திறந்தேன்.